கோலமாவு வரைபடமும் அரசுக் கணினியும்



தரையில் கோலமாவு போட்டு ஊர்ப்படம் வரைவது குழுப் பெண்களுக்குப் புதுசு இல்லை. தெரு, குழாய், ரேஷன் கடை, குடிசை வீடு எல்லாம் அதில் வந்துவிடும். இந்த இதழில் நாம் படிக்கப்போவது வேறு மாதிரிப் படம். இது இடத்தைக் காட்டாது. ஒரு தேவை நிறைவேற எது எதை நம்பி நிற்கிறது என்று காட்டும். பிரிட்டனைச் சேர்ந்த சைமன் வார்ட்லி 2005-ல் உருவாக்கிய முறை இது. எதைப் புதிதாகச் செய்வது, எதை இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய அந்நாட்டு அரசின் கணினிப் பிரிவினரும் இதைப் பயன்படுத்தினார்கள்.

படத்தின் உச்சியில் துறையின் பெயரை எழுதக் கூடாது. மக்களின் தேவையைத்தான் எழுத வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்வோம். உச்சியில், 'மாதம் 1000 ரூபாய் என் கணக்கில்'. அதற்குக் கீழே வங்கிக் கணக்கு, விண்ணப்பம், சரிபார்ப்பு. அதற்கும் கீழே ரேஷன் அட்டை, ஆதார், நிலம், மின்சாரம், வாகனம் பற்றிய பதிவுகள். புதுசாகச் செய்ய வேண்டியதை இடது பக்கமும், கரண்டு மாதிரி எல்லாருக்கும் பழகிப்போனதை வலது பக்கமும் வையுங்கள்.

ஆதார், வங்கிக் கணக்கு, 2017-ல் வந்த ஸ்மார்ட் ரேஷன் அட்டை எல்லாம் வலது பக்கம் போய்விடும். இடது பக்கம் மிஞ்சுவது, பல துறைப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. அதை அரசு செய்ததால், 2023 ஜூலையில் தொடங்கிய முகாம்களில் வருமானச் சான்று இணைக்கத் தேவை இருக்கவில்லை. தாலுகா ஆபீசுக்கு அலையும் ஒரு கட்டமே படத்தில் இல்லாமல் போனது. (கம்ப்யூட்டர் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு அதே சான்றைக் கேட்கும் அலுவலகங்களையும் நாம் பார்த்திருக்கிறோம்!)

விண்ணப்பித்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோது தேர்வானவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம். விடுபட்டவர்களுக்குத்தான் இந்தப் படம் ரொம்ப அவசியம். நிலம், கார், ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் என்று தடைகள் இருந்தன. வானகரம் மாதிரி புறநகரில் பலருக்கு நிலம் பிரச்சினையே இல்லை, மீட்டர்தான். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் யூனிட் ஏறத்தானே செய்யும்? விற்ற காரின் ஆர்.சி. பழைய பெயரிலேயே கிடந்தால், பதிவில் அந்த வீட்டில் கார் இருக்கும். கணினி படித்தது பதிவை, வீட்டை அல்ல. முகாமில் எத்தனை தரம் கேட்டாலும் இது சரியாகாது. வாகனப் பதிவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் மாற்ற வேண்டும்.

அப்போது 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. எந்தத் திட்டத்துக்கு மனு எழுதினாலும், 'எனக்குத் தகுதி இருக்கு' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பதிவு தவறு, அது எந்தத் துறையுடையது, சரியான விவரம் என்ன என்று எழுதுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் முதியோர் உதவித்தொகைக்கு இதே படத்தை வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் அந்த அலுவலகத்தின் பெயரை எழுதுங்கள். எங்கே மனுக்கள் தேங்குகிறதோ அங்கே ஒரு புளியங்கொட்டை வையுங்கள். ஊக்குநர் அதைத் தீர்மான நோட்டில் படியெடுத்துக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும்.