தயக்கம் உடைத்த வகுப்பறை

நுழையும்முன்

விடை தெரிந்தும் கை உயர்த்தாத மாணவி ஏறத்தாழ எல்லா வகுப்பறைகளிலும் இருக்கிறாள். அவளிடம் அறிவு இருக்கிறது. அதனைப் பிறர்முன் எடுத்துவைக்கும் துணிவுதான் இன்னும் வரவில்லை. அத்துணிவு பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்ப்பதா, பள்ளியில் பயின்று பெறத்தக்கதா? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாள் பணியையே விடையாகத் தந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. அவர் காட்டிய வழியையும் அது இன்றைய வகுப்பறைக்கு உரைப்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

மாவட்டத்தில் முதலிடம்

சுப்பலட்சுமி 1886-ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். அக்காலச் செங்கல்பட்டு மாவட்டம் சென்னை நகரைச் சூழ்ந்து பரந்திருந்தது. நான்காம் வகுப்பிற்கான பொதுத்தேர்வில் அம்மாவட்டத்தின் முதல் மாணவியாகத் தேறியபோது அவருக்கு வயது ஒன்பது. அறிவுக்கூர்மை மிக்க அச்சிறுமிக்கு அன்றைய வழக்கப்படி இளமையிலேயே திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். சுப்பலட்சுமி கைம்பெண் ஆனார்.

அந்நாளில் சில சமூகங்களில் கைம்பெண் என்னும் சொல் ஒரு சிறுமியின் வாழ்வையே மூடிவிடும் கதவாக இருந்தது. தலைமுடி மழிக்கப்படும், வண்ண ஆடைகள் நீக்கப்படும், மங்கல நிகழ்வுகளில் இடம் மறுக்கப்படும், எதிரில் வருவதே தீய குறி எனக் கருதப்படும். அடுக்களையின் மூலையே அவளுக்குரிய உலகமாகும். கல்வி இழப்பைவிடக் கொடிய இழப்பு ஒன்று அதனுள் இருந்தது. பிறர் கண்ணில் படாமலும் காதில் விழாமலும் வாழப் பழகிய சிறுமி, தனக்கென ஒரு கருத்து இருக்கலாம் என்பதையே காலப்போக்கில் மறந்துபோனாள்.

சுப்பலட்சுமியின் பெற்றோர் வேறு முடிவெடுத்தனர். தந்தையார் வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் மகளைப் பள்ளிக்கும் மாநிலக் கல்லூரிக்கும் அனுப்பினார். உறவினரின் எதிர்ப்பும் ஊராரின் ஏளனமும் சமூக விலக்கு என்னும் அச்சுறுத்தலும் தொடர்ந்து வந்தன. எனினும் 1911-ஆம் ஆண்டு சுப்பலட்சுமி பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து கைம்பெண் என்னும் சிறப்பு அவருக்கு உரியதாயிற்று. அவருக்குத் துணிவு தந்த முதல் இடம் அவருடைய வீடு. அத்தகைய வீடு வாய்க்காத சிறுமியர் என்ன ஆவர் என்னும் வினாவே அவருடைய பணிக்கு வித்தாயிற்று.

அஞ்சாமல் இருக்க ஓர் இடம்

நாட்டின் பிற பகுதிகளில் இதற்கு முன்பே சில முயற்சிகள் தொடங்கியிருந்தன. 1848-இல் சாவித்திரிபாய் பூலே புனேயில் பெண்களுக்குக் கல்வி கற்பிக்கத் தொடங்கினார். 1889-இல் பண்டித ராமாபாய் பம்பாயில் கைம்பெண்களுக்கான சாரதா சதன் என்னும் இல்லத்தைத் தொடங்கினார். தமிழ் மண்ணில் அத்தகைய பணியைச் சுப்பலட்சுமி மேற்கொண்டார். சென்னை எழும்பூரில் தம் தந்தையாரின் வீட்டிலேயே, விரல்விட்டு எண்ணத்தக்க சில இளங்கைம்பெண்களோடு அவர் தம் இல்லத்தைத் தொடங்கினார். கைம்பெண்ணாகிய அவருடைய சித்தி வாலாம்பாளும் இப்பணியில் துணைநின்றார். பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையார் அரசின் ஆதரவு கிடைக்க உதவினார். மாணவியர் தொகை பெருகவே, இல்லம் பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற்கு மாறியது.

அவ்வில்லத்திற்கு வந்த சிறுமியர் பலர் தலைகுனிந்து நடக்கவும் பேசாதிருக்கவும் பழக்கப்பட்டவர்கள். அவர்களிடம், "தன்னம்பிக்கையோடு இருங்கள்" என்று அறிவுரை கூறுவதால் மட்டும் பயன் விளைந்திராது. ஏளனம் செய்வாரும் விரட்டுவாரும் இல்லாத ஓர் இடம் அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது. அங்கே அவர்கள் தம்மையொத்த பிற சிறுமியரைக் கண்டனர். தமக்கு நேர்ந்தது தம் குற்றத்தின் விளைவன்று என்பதை உணர அவ்வுறவே துணைசெய்தது. அச்சம் நீங்கிய பின்னரே கற்றல் தொடங்கும் என்பதற்கு அவ்வில்லம் சான்றாக நின்றது.

> தெரிந்து தெளிவோம்
>
> ஐஸ் ஹவுஸ் 1842-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பல்களில் வந்த பனிக்கட்டிகளைச் சேமித்து வைக்க இக்கட்டடம் பயன்பட்டது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் இங்குத் தங்கி உரையாற்றினார். பின்னர் இளங்கைம்பெண்களின் கல்விக்கூடமாக விளங்கிய இக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் என அழைக்கப்படுகிறது.

கேட்பார் இருந்தால் சொல் பிறக்கும்

1912-ஆம் ஆண்டு சுப்பலட்சுமி சாரதா மகளிர் சங்கத்தை நிறுவினார். பெண்கள் ஓரிடத்தில் கூடவும் சொற்பொழிவுகளைக் கேட்கவும் சமூகச் சிக்கல்களைப் பற்றிக் கலந்துரையாடவும் அச்சங்கம் களம் அமைத்துத் தந்தது. இன்று ஒரு மன்றக் கூட்டம் என்பது இயல்பான நிகழ்வாகத் தோன்றலாம். பெண்கள் ஒரு பொருளைப் பற்றித் தம்முள் கருத்து வேறுபட்டு உரையாடுவது அன்று பெரும் மாற்றமாகும்.

பேசுவதற்கு நாக்கு மட்டும் போதாது. கேட்கும் செவியும் வேண்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் பொறுமையுடன் கேட்கும்போதுதான், தம் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்னும் எண்ணம் சொல்பவர் மனத்தில் வேர்விடுகிறது. அவ்வெண்ணமே தன்னம்பிக்கையின் தொடக்கம்.

பொறுப்பு தந்த நிமிர்வு

1922-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சுப்பலட்சுமி முதல்வரானார். அங்குப் பாடங்களோடு உடற்பயிற்சியும் தொழிற்பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. கல்லூரியோடு இணைந்த பயிற்சிப் பள்ளியில் வருங்கால ஆசிரியைகள் சிறுவர்க்குப் பாடம் நடத்திப் பழகினர்.

ஆசிரியப் பயிற்சியின் ஆழ்ந்த பயன் இங்கே விளங்குகிறது. நேற்றுவரை யார்முன்னும் பேசாதிருந்த ஒரு பெண், இன்று கரும்பலகையின்முன் நிற்கிறாள். முப்பது இளங்கண்கள் அவளை நோக்குகின்றன. அவள் பேசியே ஆக வேண்டும். புரியவில்லை எனில் வேறு சொற்களால் விளக்கியே ஆக வேண்டும். தன்னைப் பற்றிய கூச்சம், பிறர்க்குக் கற்பிக்கும் பொறுப்பில் மெல்ல மறைகிறது. ஊதியமும் பணியும் அவளைச் சொந்தக் காலில் நிற்கச் செய்கின்றன. பாதுகாப்பான இடம், செவிமடுக்கும் அவை, ஏற்று நடத்தும் பொறுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே தன்னம்பிக்கையை வளர்க்கின்றன என்பது சுப்பலட்சுமியின் பணியிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

விரிந்து சென்ற வட்டம்

தொடக்கத்தில் அவ்வில்லம் பிராமணச் சமூக இளங்கைம்பெண்களுக்கு உரியதாகவே இருந்தது. அன்றைய சமூகக் கட்டுப்பாடுகள் அதற்கு வகுத்த எல்லை அது. பேசும் உரிமை மறுக்கப்பட்ட பெண்கள் எல்லாச் சமூகங்களிலும் இருந்தனர். காலம் செல்லச் செல்லச் சுப்பலட்சுமியின் பணி அவ்வெல்லையைக் கடந்து விரிந்தது. கடற்கரைக் குப்பத்து மீனவர் குழந்தைகளுக்கும் கல்வி கிடைக்க அவர் வழிசெய்தார். 1927-இல் சாரதா வித்யாலயா தோன்றியது.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் குறித்துக் கருத்துக் கேட்ட ஜோஷி குழுவின்முன் அவர் சாட்சியம் அளித்தார். சிறுவயதிலேயே மணம் முடிக்கப்பெற்ற ஒருவர், அவ்வழக்கத்தை மாற்றும் சட்டத்திற்காகத் தாமே பேசினார் என்பது எண்ணத்தக்கது. 1929-இல் இயற்றப்பட்ட அச்சட்டம் பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 14 என வரையறுத்தது. 1952 முதல் 1956 வரை அவர் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராக விளங்கினார். 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூகநல மையம் ஒன்றை நிறுவினார். அவ்வூர் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. 1958-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1969-இல் அவர் மறைந்தார்.

கடற்கரை ஊர்களின் குரல்

சுப்பலட்சுமி எழுப்பிய வினா இன்றும் முடிந்துவிடவில்லை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரையில் மீனவக் குப்பங்கள் பல உள்ளன. கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து, சந்தையில் விலை பேசி விற்பவர் பெரும்பாலும் பெண்களே. பேரம் பேசுவதில் அவர்களுடைய சொல்வன்மை கூர்மையானது. அத்தகைய தாயின் மகள் வகுப்பறையில் எழுந்து நிற்கும்போது வாய் திறக்கத் தயங்குவது ஏன்?

வீட்டில் அவள் பேசுவது கடற்கரை வழக்கு. பாடநூலில் உள்ளது எழுத்து வழக்கு. தன் பேச்சைக் கேட்டுப் பிறர் சிரிப்பார்களோ என்னும் அச்சம் அவள் சொல்லை அடைக்கிறது. பாதிச் சொல்லிலேயே அவளைத் திருத்தினால் அவ்வச்சம் உறுதிப்படும். முதலில் அவள் முழுவதும் சொல்லி முடிக்கட்டும். கருத்துக்கு மதிப்பளித்த பின்னர் வடிவத்தைத் திருத்தலாம். காற்றையும் நீரோட்டத்தையும் மீன்களின் பெயர்களையும் குறிக்கும் சொற்கள் அவள் வீட்டில் நிறைந்துள்ளன. அச்சொற்களை வகுப்பிற்குக் கொண்டுவரச் செய்தால், கற்பவளாக மட்டும் இருந்தவள் கற்பிப்பவளும் ஆகிறாள்.

மாமல்லபுரத்து ஐந்து இரதங்களில் முற்றுப்பெறாத பகுதிகளும் உண்டு. பாறையைச் சிற்பிகள் எவ்வாறு செதுக்கினர் என்பதை அப்பகுதிகளே அறிஞர்க்குப் புலப்படுத்துகின்றன. மாணவியின் திக்கும் பேச்சும் அடித்தல் திருத்தல் நிறைந்த கட்டுரையும் அவ்வாறே. அவள் சிந்தனை உருப்பெறும் வழியை ஆசிரியர்க்குக் காட்டுவன அவை.

பலகையின்முன் ஒரு முடிவு

வெளிப்பாடு பேச்சால் மட்டும் நிகழ்வதன்று. ஓவியம், நடனம், விளையாட்டு எனப் பல வாயில்கள் அதற்கு உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் தமிழ்நாட்டில் நடந்தது. அதன் ஆட்டங்கள் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றன. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் அங்குக் கூடினர்.

இந்திய மகளிர் அணியில் கொனேரு ஹம்பி, ஹரிகா, தமிழகத்தின் வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகியோர் இடம்பெற்றனர். இறுதிச் சுற்று வரை அவ்வணி முன்னணியில் இருந்தது. கடைசிச் சுற்றில் அமெரிக்க அணியிடம் தோற்றதால் தங்கம் கைநழுவி வெண்கலம் கிடைத்தது. செஸ் ஒலிம்பியாடில் இந்திய மகளிர் அணி பெற்ற முதல் பதக்கம் அது. ஈராண்டுகளுக்குப்பின், 2024-இல் புடாபெஸ்ட் நகரில் ஹரிகா, வைஷாலி, தானியா ஆகியோரும் இடம்பெற்ற இந்திய மகளிர் அணி தங்கம் வென்றது.

சதுரங்கப் பலகையின்முன் அமர்ந்தவர்க்கு வேறொருவர் காய் நகர்த்த இயலாது. முடிவும் அவருடையது, அதன் விளைவும் அவருடையது. தோல்வியை அடுத்து மீண்டும் பலகையின்முன் அமர்வதே தன்னம்பிக்கை.

வகுப்பறை செய்யத்தக்கவை

அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழாவும் ஊஞ்சல், தேன்சிட்டு முதலிய இதழ்களும் மாணவர் தம் திறனை வெளிப்படுத்தத் துணைசெய்கின்றன. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டம் மாதந்தோறும் 1000 ரூபாய் வழங்குகிறது. இவ்வாய்ப்புகள் முன்வரிசை மாணவியரோடு நின்றுவிடாமல் கடைசி வரிசையையும் எட்ட வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. வினா எழுப்பியபின் ஆசிரியர் சில நொடிகள் காத்திருந்தால், விரைந்து கை உயர்த்தாதவர்க்கும் எண்ண நேரம் கிடைக்கும். முதலில் அருகிருப்பவரிடமும், பின்னர் நால்வர் குழுவிலும், அதன்பின் முழு வகுப்பிலும் பேசச் செய்தால் அச்சம் படிப்படியாகக் குறையும். வழிபாட்டுக் கூட்டத்தை நடத்துதல், நூலகப் பொறுப்பு, சுவரிதழ் ஆசிரியர் பணி ஆகியன சுழற்சி முறையில் அனைவருக்கும் வர வேண்டும். தவறாகச் சொன்னவரை எள்ளி நகையாடுதல் கூடாது என்பது வகுப்பின் எழுதப்படாத சட்டமாக வேண்டும்.

அச்சட்டத்தைக் காக்கும் கடமை ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. உடன்பயிலும் ஒருத்தி தயங்கித் தயங்கிப் பேசும்போது, அவள் முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்கும் ஒவ்வொரு மாணவிக்கும் அதில் பங்கு உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பாட்டி அல்லது அவர் தலைமுறையைச் சார்ந்த ஒருவரிடம் அவருடைய பள்ளிக் காலத்தைப் பற்றிக் கேட்டறிந்து, அவர் சொன்னவாறே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

2. 'தன்னம்பிக்கையை வளர்ப்பதில் பெரும்பங்கு வீட்டிற்கா, பள்ளிக்கா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக. இதுவரை மேடையேறாதவர்க்கு முதல் வாய்ப்பு அளிக்க.

3. உங்கள் ஊர்த் தொழில் ஒன்றில் வழங்கும் இருபது சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை வகுப்பில் விளக்குக.

4. உங்கள் வகுப்பில் அனைவரும் அச்சமின்றிப் பேசுவதற்குரிய ஐந்து விதிகளைக் குழுவாகக் கலந்துரையாடி உருவாக்குக.