புயல் ஓய்ந்த மன்னவனூர்ப் பாதையில் நாயோடு நடக்க 13 குறிப்புகள்

மழை விட்டாலும் தூவானம் விடாது என்பது மலையில் வாழ்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், மேற்கே நகர்ந்து கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது. சாலைகளில் மண் சரிந்தது. காற்று சீக்கிரம் அடங்கிவிட்டது. வழிகள் சீராகத்தான் நாள் பிடித்தது. இப்படி ஒரு புயல் ஓய்ந்ததும், மழைக்கு அடைந்து கிடந்த நாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு மனம் கேட்காதுதான். ஆனாலும் கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கி.மீ. தள்ளியிருக்கும் மன்னவனூர்ப் பக்கம் அதைக் கூட்டிப் போகுமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. மழை நின்றவுடன் கிளம்ப வேண்டாம். வானம் வெளுத்த பிறகும் மண்ணுக்குள் நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் சரிவு தாமதமாகவும் வரும். ஓரிரு நாள் ஊருக்குள், தெருவோடு நடத்திக் கூட்டி வந்தால் நாய்க்கு அது போதும்.

2. புறப்படுமுன் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். பூம்பாறை டீக்கடையிலோ பஸ் டிரைவரிடமோ, “அண்ணே, கவுஞ்சிப் பக்கம் வழி எப்படி இருக்கு? பஸ் போகுதா?” என்று கேட்டால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். பஸ் போகாத வழியில் நாமும் போக வேண்டாம். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐச் செல்போனில் பதிந்து வையுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டிலோ தங்கும் இடத்திலோ சொல்லிவிட்டுப் போங்கள்.

3. நாயோடு காட்டுக்குள் நுழையாதீர்கள். இந்த மலைக்காடுகளில் பெரும்பகுதி 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி உள்ளே போவதே குற்றம். நம் நாயிடமிருந்து செந்நாய்களுக்கு டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் தொற்றவும் கூடும். ஊர்ச் சாலையும், உரிமையாளர் சம்மதித்த தோட்டத்து வழியுமே நமக்குப் போதும். மன்னவனூர் ஏரிப் பூங்காவில் நாய்க்கு இடமுண்டா என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. கயிற்றை அவிழ்க்கவே கூடாது. காட்டுமாட்டைக் கண்டால் நாய் குரைத்துக்கொண்டு ஓடும். மாடு திரும்பி விரட்டினால் நாய் நேரே நம்மிடமே ஓடி வரும். கழுத்துப் பட்டையைவிட மார்போடு மாட்டும் ஹார்னஸ் நல்லது. வழுக்கினால் தூக்கிப் பிடிக்கலாம். கயிற்றை மணிக்கட்டிலோ இடுப்பிலோ சுற்றிக் கட்டாதீர்கள். நாய் சரிந்தால் உங்களையும் இழுத்துவிடும்.

5. காலடியைப் போலவே தலைக்கு மேலும் பாருங்கள். பைன், தைலமரம், சீகை தோப்புகளில் ஈர மண்ணில் வேர் பிடிப்பு விட்ட மரங்கள் காற்றே இல்லாமலும் சாயும். முறிந்து தொங்கும் கிளைக்கு அடியில் நிற்க வேண்டாம். விழுந்த மரத்துக்கு அடியில் நாயை நுழைய விடவும் வேண்டாம்.

6. அறுந்த மின்கம்பி கிடந்தால் வந்த வழியே திரும்புங்கள். ஈரத் தரையில் மின்சாரம் கம்பியைச் சுற்றிலும் பரவும். வெறுங்காலோடு நடக்கும் நாயைத்தான் அது முதலில் தாக்கும். தகவல் சொல்ல மின்வாரியத்தின் மின்னகம் எண்: 94987 94987.

7. மண் சொல்வதைக் கேளுங்கள். பாதையில் புது விரிசல், ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், தெளிந்து ஓடிய ஊற்று திடீரெனக் கலங்குவது, மேலிருந்து சிறு கற்கள் உருள்வது ஆகியவை சரிவுக்கு முன் அறிகுறிகள். நாய் அடம்பிடித்து நின்றால் இழுக்காமல் நீங்களும் நின்று பாருங்கள்.

8. கலங்கல் ஓடையில் இறங்க வேண்டாம். மலை உச்சியில் பெய்யும் மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். வெள்ளம் நாயை இழுத்துக்கொண்டு போனால் பின்னால் குதிக்காதீர்கள். கரையோடு ஓடியபடி பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நாய் பெரும்பாலும் தானே கரையேறப் பார்க்கும்.

9. குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். தேங்கிய நீரில் எலி, கால்நடைகளின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது நாய்க்கு வந்து, நாயிடமிருந்து நமக்கும் வரலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் (லெப்டோ) தடுப்பூசியும் ஆண்டுதோறும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

10. குளிரை லேசாக நினைக்காதீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களுக்கெல்லாம் முடி குட்டை. அவை வெயில் பூமியின் நாய்கள். நனைந்தால் உடனே துவட்ட ஒரு துண்டு, போர்த்த ஒரு பழைய ஸ்வெட்டர் கைவசம் இருக்கட்டும். நடுங்கிக்கொண்டிருந்த நாய் இன்னும் ஈரமாக இருக்கும்போதே நடுக்கம் நின்று துவண்டால் அது ஆபத்து. கம்பளியில் சுற்றி அணைத்துக்கொண்டு, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

11. அட்டைக்குத் தைலம் தடவாதீர்கள். கொடைக்கானல் கடைகளில் கிடைக்கும் யூக்கலிப்டஸ் தைலத்தை நாம் காலில் தடவிக்கொள்ளலாம். நாய் நக்கினால் அது விஷம். அட்டையின் வாய்ப் பக்கம் நகத்தைச் செருகி, தோலோடு ஒட்டி மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். நெருப்பால் சுட வேண்டாம். நாயின் மூக்கில் ரத்தம் ஒழுகினாலோ ஓயாமல் தும்மினாலோ உள்ளே அட்டை இருக்கலாம். அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

12. ஊரின் சிறப்புப் பண்டங்களை நாய்க்குக் கொடுக்காதீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, வீட்டுத் தயாரிப்பு சாக்லேட் இரண்டுமே நாய்க்கு நஞ்சு. வயல் ஓரத்தில் சிதறிய பூண்டையும் முகர விடாதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரையும் தர வேண்டாம். தயிர்சாதமோ வேகவைத்த முட்டையோ போதும்.

13. ஊராரின் உழைப்பை மதியுங்கள். மழையில் ஊறிய படிக்கட்டு வயல் வரப்பு ஒரு மிதியில் இடிந்துவிடும்; கேரட், உருளைக்கிழங்கு போட்டவர் ஏற்கெனவே நொந்து போயிருப்பார். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் மன்னவனூரில்தான் இருக்கிறது. ஆட்டு மந்தை தெரிந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஒதுங்கி நில்லுங்கள். செத்த ஆட்டின் குடலை நாய் தின்றால் நாடாப்புழு தொற்றி, பின்னர் மனிதருக்கும் நீர்க்கட்டி நோய் வரலாம். நாயின் வாயைக் கவனித்துக்கொண்டே நடங்கள்.

வீடு திரும்பியதும் வெந்நீர்த் துணியால் உடம்பைத் துடைத்து, விரலிடுக்கு, காது மடல், வால் அடி எல்லாவற்றிலும் முள், கண்ணாடிச் சில்லு, உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பாதி வழியில் திரும்பி வந்திருந்தாலும் மனம் குறைபட வேண்டாம். எவ்வளவு தூரம் போனோம் என்று நாய் கணக்குப் பார்ப்பதில்லை. நம்மோடு போய் நம்மோடு வந்ததே அதற்குத் திருப்தி.