லோரி டயர் குடிக்கும் டீசல்

சுங்கை பாக்காப் வட்டாரத்தைக் கடந்து செல்லும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் இரவு பகலாகக் கொள்கலன் லோரிகள் ஓடுகின்றன. வெகுதூரம் ஓடி வந்து நிற்கும் லோரியின் டயர் நன்றாகச் சூடேறியிருக்கும். அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, லோரி எரித்த டீசலிலிருந்துதான்!

எப்படி?

சுமை அழுத்துவதால், சாலையைத் தொடும் இடத்தில் டயர் தட்டையாகிறது. சக்கரம் சுழலச் சுழல, டயரின் ஒவ்வொரு பகுதியும் நசுங்கி மீண்டும் பழைய வடிவத்துக்கு வருகிறது. நசுங்கும்போது பெற்ற ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. இதனால் ஏற்படும் எதிர்ப்பு விசையே உருளல் தடை.

கணக்குப் போடுவோம்

சுமையோடு 40 டன் உள்ள ஒரு லோரியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 400,000 நியூட்டன். சாதாரண டயரின் உருளல் தடைக் கெழு 0.006 என்றால், தடை விசை 2,400 நியூட்டன். கெழு 0.005 உள்ள டயரில் 2,000 நியூட்டன். வித்தியாசம் 400 நியூட்டன்.

பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் 350 கிலோமீட்டர்.

வேலை = விசை × தூரம் = 400 × 350,000 = 140 மெகாஜூல்.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. இயந்திரம் அதில் 40 விழுக்காட்டை மட்டுமே பயனுள்ள வேலையாக மாற்றுகிறது என்றால், ஒரு லிட்டருக்குக் கிடைப்பது 14.4 மெகாஜூல். 140-ஐ 14.4-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரே பயணத்தில் ஏறக்குறைய 10 லிட்டர் மிச்சம்!

2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் டீசலின் விலை லிட்டருக்கு ரிம 2.15-இலிருந்து ரிம 3.35-ஆக உயர்ந்தது. அந்த விலையில் இது ஏறக்குறைய ரிம 33.

எந்த டயர் நல்லது?

பால்மரம் தரும் இயற்கை ரப்பர் குறைவாகவே சூடேறும். அதனால்தான் லோரி டயர்களில் அது அதிகம் சேர்க்கப்படுகிறது. நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலையில் வெட்டிய பால் இப்படியும் பயன்பட்டிருக்கிறது.

ஆனால், உருளல் தடை குறைவாக இருந்தால் மட்டும் போதாது. செம்பனைத் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் ஓடும் லோரிக்கு ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர் வேண்டும். இல்லையேல் சக்கரம் வழுக்கும். நெடுஞ்சாலை லோரியின் இழுவைப் பெட்டிச் சக்கரங்களோ வண்டியை இழுப்பதில்லை, வெறுமனே உருள்கின்றன. அவற்றுக்கு உருளல் தடை குறைந்த டயர் பொருந்தும்.

ஒன்றை மறக்காதீர்கள். டயர் தேயத் தேய ரப்பரின் தடிப்பு குறைவதால் உருளல் தடையும் குறையும். அதற்காக மொட்டை டயரில் ஓடலாமா? கூடாது. மழைநீரை வெளியேற்றப் பள்ளம் இல்லாவிட்டால் டயர் நீரின் மேல் சறுக்கும், பிரேக் பிடிக்காது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது சட்டப்படியும் குற்றம். டீசலைவிட உயிர் பெரிது.

எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும், காற்று குறைந்தால் அதிகம் நசுங்கும், அதிகம் சூடாகும், வெடிக்கவும் கூடும்.

செய்து பாருங்கள்

பள்ளித் திடலின் சிறு சரிவில் சைக்கிளை மிதிக்காமல் உருள விடுங்கள். டயரில் காற்று நிறைவாக இருக்கும்போதும், சற்றுக் குறைவாக இருக்கும்போதும் அது எவ்வளவு தூரம் செல்கிறது என மும்முறை அளந்து சராசரி காணுங்கள். இதில் தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது? கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை? நோட்டுப் புத்தகத்தில் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.