கழல வேண்டிய நேரத்தில் கழலணும்: பனிச்சறுக்கு பைண்டிங்கைத் தேர்வு செய்வது எப்படி?

திருநகர் மூணாவது பஸ் ஸ்டாப்பில் நின்னுக்கிட்டு பனிச்சறுக்கு பத்திப் பேசினா, டீக்கடை அண்ணன் நம்மளை ஒரு மாதிரியாத்தான் பார்ப்பார். சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கிற ஊரு இது. நமக்குத் தெரிஞ்ச பனி, மார்கழி காலையில் திருப்பரங்குன்றத்து மலையை மறைக்கிற மூட்டம் மட்டும்தான். இருந்தாலும் இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, நம்ம காலேஜ் பசங்க இப்போ குல்மார்க்குக்கும் ஔலிக்கும் நிறையப் பேர் போறாங்க. இன்னொண்ணு, மெஷின் டிசைன் பாடத்தில் படிக்கிற எல்லாமே உள்ளங்கை அளவு இரும்பில் அடங்கின ஒரு பொருள் இது.

மூணாவதா ஒரு காரணமும் இருக்கு. அது என் தப்பு.

மூணாம் வருஷ லீவில் நானும் என் ரூம்மேட்டும் குல்மார்க் போனோம். ரெண்டாவது நாள் அவனோட வலது ஸ்கீ ரெண்டு தடவை தானாக் கழன்றது. "டேய், லூஸா இருக்குடா, டைட் வைடா"ன்னான். நானும் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஆளாச்சே! பாக்கெட்டில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, 5.5-ல் இருந்த எண்ணை 9-க்குத் திருகிவிட்டேன். அதுக்கப்புறம் ஸ்கீ கழலவே இல்லை. மூணாவது நாள் மதியம் அவன் சாதாரணமா ஒரு திருப்பத்தில் விழுந்தான். அப்பவும் கழலவில்லை. ஸ்கீ ஒரு பக்கம் திரும்ப, உடம்பு இன்னொரு பக்கம் திரும்ப, நடுவில் இருந்த கீழ்க்கால் எலும்பு முறுக்கிக்கொண்டு உடைந்தது. நாலு மாசம் கட்டு. ஒரு செமஸ்டர் போச்சு. அவன் இன்னிக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனாலதான் இதை எழுதுறேன்.

பைண்டிங் என்பது ஒரு ஃபியூஸ்

பூட்டையும் ஸ்கீயையும் இணைக்கிற கருவிதான் பைண்டிங். முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி, ரெண்டுக்குள்ளயும் ஸ்பிரிங். இதுக்கு ரெண்டு வேலை. ஓடும்போது காலை விடவே கூடாது. விழும்போது, எலும்பு உடையறதுக்கு முன்னாடி காலை விட்டுடணும். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த ரெண்டு வேலையையும் ஒரே ஸ்பிரிங் செய்யணும்.

நம்ம வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போனா, பழைய ஆளுங்க என்ன செய்வாங்க? தடிமனான கம்பியைச் சுத்தி வைப்பாங்க. அப்புறம் ஃபியூஸ் போகாது, வயரிங் எரியும். நான் செஞ்சதும் அதேதான். ஸ்கீ ஏன் கழலுதுன்னு யோசிக்கவே இல்லை. பின்னாடிதான் தெரிஞ்சது, அவன் பூட்டின் அடியில் பனி உறைஞ்சு கட்டியா ஒட்டியிருந்தது. அதனால் பூட் பிடிக்குள் சரியாவே உட்காரலை. பூட்டை ஒரு தட்டுத் தட்டிச் சுரண்டியிருந்தா போதும்.

தானாக் கழலுதுன்னா முதலில் பார்க்க வேண்டியவை இவை: பூட் அடியில் பனி இருக்கா? பூட்டின் முனை தேஞ்சிருக்கா? பின் பிடி பூட்டை முன்னோக்கித் தள்ளுகிற அழுத்தம் பூட் நீளத்துக்குச் சரியா அமைஞ்சிருக்கா? எண்ணைத் தொடறது கடைசி.

அந்த எண் என்ன சொல்லுது?

பைண்டிங்கின் ஜன்னலில் தெரிகிற எண்ணை எல்லாரும் 'டின்' என்பார்கள். எடை, உயரம், வயசு, பூட் அடிநீளம், ஓட்டும் பாணி ஆகிய ஐந்தையும் வைத்து ஐஎஸ்ஓ 11088 என்ற தரநிலை அட்டவணை இதைத் தருது. 64 கிலோ எடை, 165 செ.மீ. உயரம், 300 மி.மீ. அடிநீளம் உள்ள ஒரு மாணவரை எடுத்துக்குவோம். மெதுவா, ஜாக்கிரதையா ஓட்டுபவர்னா எண் குறைவா வரும். நடுத்தரம்னா கொஞ்சம் கூடும். வேகமா, முரட்டுத்தனமா ஓட்டுபவர்னா இன்னும் கூடும்.

இந்த அளவு பூட்டில் 5 என்றால் தோராயமா 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் முன் பிடி பக்கவாட்டில் விடும். பூட் குதிகாலைச் சுற்றித் திரும்புதுன்னு வைத்தால், நெம்புகோல் நீளம் 0.3 மீட்டர். 50-ஐ 0.3-ஆல் வகுத்தா 167 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 17 கிலோ எடை. கால் விரல் முனையை 17 கிலோ பக்கவாட்டில் இழுத்தா கழலும். அதையே 9-க்கு வைத்தா 30 கிலோ. 5.5-ல் இருந்து 9-க்குத் திருகி நான் என் நண்பனின் எலும்பிடம் கேட்டது, கூடுதலா ஏறக்குறைய 12 கிலோவைத்தான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடணும். பைண்டிங் கீழ்க்கால் எலும்பை நல்லாக் காப்பாத்தும். முழங்காலுக்குள் இருக்கிற முன் குறுக்குத் தசைநாரை அந்த அளவுக்குக் காப்பாத்தாது. எண் சரியா இருந்தாலும் முழங்கால் போகலாம். அதனால் "நல்ல பைண்டிங் போட்டாச்சு, இனி பயமில்லை"ன்னு யாரும் நினைக்காதீங்க.

வகைகள்

சாதாரண ஆல்பைன் பைண்டிங் இறங்கறதுக்கு மட்டும். குதிகால் எழும்பாது, அதனால் மலை ஏற முடியாது. ஏறவும் வேணும்னா டூரிங் பைண்டிங். அதில் நாலு வகை.

முதலாவது, ஃபிரேம் வகை. ஆல்பைன் பைண்டிங்கையே ஒரு சட்டத்தில் பொருத்தி, முன்னால் கீல் வைத்தது. பெரும்பாலான பூட் சேரும். ஆனா ஒவ்வொரு அடிக்கும் குதிகாலோட சேர்த்து அந்தச் சட்டத்தையும் தூக்கணும். ஒரு காலுக்கு 1 கிலோவில் இருந்து 1.4 கிலோ வரை.

ரெண்டாவது, பின் வகை. ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்த்தல் 1980-களில் உருவாக்கினது. பூட்டின் முனையில் ரெண்டு பக்கமும் உலோகக் குழிகள், அதில் ரெண்டு ஊசிகள் வந்து கவ்வும். நடக்கும்போது பூட் மட்டும்தான் எழும்பும், பைண்டிங் ஸ்கீயிலேயே இருக்கும். எடை பெரும்பாலும் 300 முதல் 600 கிராம். குறை என்னன்னா, பழைய பாணி பின் பைண்டிங்கில் பக்கவாட்டு விடுதலை முன்னால் இல்லை, குதிகால் பக்கம்தான். மீள் நகர்வும் குறைவு.

'மீள் நகர்வு' முக்கியமான சொல். மேடு பள்ளத்தில் வேகமாப் போகும்போது பூட் சில மில்லிமீட்டர் நகர்ந்து, ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப நடுவுக்கு வரணும். அது அதிகமா இருந்தா, குறைந்த எண்ணிலேயே பைண்டிங் காலைப் பிடிச்சு வெச்சிருக்கும். அது குறைவா இருந்தா சின்ன அதிர்வுக்கே கழலும், உடனே நமக்கு எண்ணைக் கூட்டத் தோணும். பஸ்ஸில் சஸ்பென்ஷன் செய்கிற அதே வேலை. ரெண்டு பைண்டிங்கில் ஒரே எண் இருக்குன்னா, ரெண்டும் ஒரே மாதிரி நடந்துக்கும்னு அர்த்தம் இல்லை.

மூணாவது, முன்னால் பின், பின்னால் ஆல்பைன் பாணிக் குதிகால். மார்க்கர் கிங்பின், ஃபிரிட்சி டெக்டன் இந்த ரகம். இதில் டெக்டன் பக்கவாட்டில் முன் பிடியிலேயே விடும்.

நாலாவது, ஹைபிரிட். ஏறும்போது பின், இறங்கும்போது முழு ஆல்பைன் முன் பிடி. 2018-ல் வந்த சாலமன் ஷிஃப்ட், முன் பிடியையே உருமாத்தி ரெண்டு வேலையும் செய்யும். ஒரு காலுக்கு 900 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. மார்க்கர் டியூக் பிடி, காஸ்ட் ஃப்ரீடூர் ரெண்டிலும் முன் பிடியின் ஆல்பைன் பாகத்தைக் கழற்றி பைக்குள் போட்டுக்கிட்டு ஏறலாம். இவை இன்னும் கனம், இன்னும் உறுதி.

எடை பற்றி ஒரு இட்லிக் கணக்கு

கனமான ஃபிரேமுக்கும் லேசான பின்னுக்கும் ஒரு காலுக்கு 700 கிராம் வித்தியாசம்னு வைங்க. ரெண்டு காலுக்கும் 1.4 கிலோ. 500 மீட்டர் உயரம் ஏறினா நிறை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா சுமார் 6.9 கிலோஜூல். தசையின் திறன் 25 சதவீதம்னு எடுத்தா, ஏழு கிலோ கலோரிகூட இல்லை. ஒரு இட்லியில் ஒரு விள்ளல்!

அப்போ எல்லாரும் ஏன் எடைக்கு இவ்வளவு அழறாங்க? 12 டிகிரி சரிவில் 500 மீட்டர் ஏற சுமார் 2,400 மீட்டர் நடக்கணும். எட்டுக்கு 60 செ.மீ. வைத்தா நாலாயிரம் எட்டு. தூக்குறோம், இறக்குறோம், முன்னால் தள்ளுறோம். இறக்கும்போது செலவழித்தது திரும்ப வராது. நாலாயிரம் தடவையும் வேலை செய்வது இடுப்பின் முன்பக்கத்து அதே தசைகள்தான். அதோட 4,000 மீட்டர் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அதனால் ஏற்றம் நீளமா இருந்தா எடை முக்கியம். ஏற்றம் குறைவா இருந்தா, எடைக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தேர்வின் சாரம் இவ்வளவுதான்.

குல்மார்க்குக்கு எது?

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கு. கேபிள் கார் ரெண்டு கட்டமாப் போகுது. கொங்டூரி வரைக்கும் முதல் கட்டம். அங்கிருந்து அஃபர்வத் மலைத்தோள் வரைக்கும் ரெண்டாம் கட்டம், அது 2005-ல் திறந்தது, 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய் விடும். அதாவது ஏற்றத்தில் பெரும்பகுதியை கேபிள் காரே செய்துவிடுது. மேலே இறங்கி, கொஞ்சம் பக்கவாட்டில் நடந்து, யாரும் மிதிக்காத பனியில் கீழே இறங்குவதுதான் அங்கே பிரபலம். நாள் பூரா இறக்கம், நடுவில் அரை மணியோ ஒரு மணியோ ஏற்றம். இறக்கமும் முரட்டு இறக்கம்.

இப்போ தேவையை எழுதிப் பார்ப்போம். கேபிள் கார் காட்டுகிற பாதையிலேயே இருக்கப்போறீங்களா? சாதாரண ஆல்பைன் பைண்டிங்கே போதும், காசு மிச்சம். கேபிள் காரில் ஏறி, பக்கத்துச் சரிவுக்குக் கொஞ்சம் நடந்து, வேகமா இறங்கணுமா? ஹைபிரிட். பல மணி நேரம் சொந்தக் காலில் ஏறி அமைதியா இறங்கணுமா? மூணாம் வகை அல்லது பின். சொந்த பூட்டில் பின் குழி இல்லை, வாடகை பூட்தான், எப்பவாவது ஒரு சின்ன ஏற்றம்னா மட்டும் ஃபிரேம்.

ஆனா எல்லையைத் தாண்டும்போது பைண்டிங்கை விடப் பெரிய கேள்வி ஒன்று வருது. ரோந்துக் குழு பனிச்சரிவைக் கட்டுப்படுத்துவது ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள்தான். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் பகுதியில் எல்லைக்கு வெளியே வந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் ரெண்டு பேர் இறந்தாங்க. பீக்கன், மண்வெட்டி, துழாவு கம்பி, உள்ளூர் வழிகாட்டி, அன்றைய பனிச்சரிவு அறிவிப்பு ஆகிய ஐந்தும் இல்லாம எல்லை தாண்டக் கூடாது. பின் பைண்டிங்கில் நடக்கும்போது முன் பிடியைப் பூட்டி வைப்போம். அந்தப் பூட்டோடயே இறங்கினா அது கழலாது. பனிச்சரிவில் சிக்கினா ஸ்கீ ரெண்டும் நங்கூரம் மாதிரி ஆளைக் கீழே இழுக்கும். இறங்கும் முன் பூட்டை எடுத்தாச்சான்னு கையால் தொட்டுப் பாருங்க.

கையில் எடுக்கும் முன்

ஒன்று, பூட்டை முதலில் முடிவு பண்ணுங்க, பைண்டிங் அப்புறம். ஆல்பைன் அடிப்பாகம், கிரிப்வாக், டூரிங் என்று பூட் அடியில் வெவ்வேறு தரநிலை இருக்கு. பைண்டிங் அதை ஏற்குமான்னு பார்க்கணும்.

ரெண்டு, உங்க அட்டவணை எண் பைண்டிங் அளவுகோலின் நடுவில் வரணும். 6 தேவைப்படும் ஆளுக்கு 6-ல் ஆரம்பித்து 16 வரை போகிற பைண்டிங் கெத்தா இருக்கலாம், பொருத்தமா இருக்காது.

மூணு, ஷிஃப்ட் மாதிரி பைண்டிங்கில் பூட்டுக்கு அடியில் இருக்கும் வழுக்குத் தகட்டின் உயரத்தை ஒவ்வொரு பூட்டுக்கும் சரி செய்யணும். பூட் மாத்தினா மறுபடியும் சரி செய்யணும்.

நாலு, பொருத்தறதையும் எண் வைக்கிறதையும் சோதனைக் கருவி உள்ள டெக்னீஷியனிடம் விடுங்க. உங்க எடையையும் ஓட்டும் பாணியையும் உண்மையாச் சொல்லுங்க. 'எக்ஸ்பர்ட்'னு பீத்திக்கிட்டா எண் கூடும், எலும்பு அதுக்கு பில் கட்டும்.

அஞ்சு, முதல் வருஷமே வாங்காதீங்க. ஹைபிரிட் ஒரு ஜோடி வெளிநாட்டில் 500 டாலருக்கு மேல். முதலில் குல்மார்க்கில் இருக்கிற மத்திய அரசின் ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனம் மாதிரி இடத்தில் அடிப்படைப் பயிற்சி எடுங்க. அப்புறம் வாடகைக்கு எடுத்துப் பழகுங்க. நீங்க எத்தனை மணி நேரம் ஏறுறீங்க, எத்தனை மணி நேரம் இறங்குறீங்கன்னு ஒரு வாரம் குறித்து வைங்க. எந்த வகைன்னு அந்தக் குறிப்பே சொல்லிடும்.

என் ரூம்மேட் இப்போ நல்லா நடக்கிறான். போன மாசம் திருப்பரங்குன்றம் மலையில் ரெண்டு பேரும் ஏறினோம். பாதி வழியில் உட்கார்ந்து, "அடுத்த வருஷம் மறுபடியும் போலாமாடா?"ன்னு கேட்டான். "போலாம்"னேன். "ஸ்க்ரூ டிரைவரை வீட்டிலேயே வெச்சுட்டு வா"ன்னான்.

வெச்சுட்டுத்தான் போவேன். நீங்களும் அப்படியே போங்க.