மிச்சம் இரண்டரை நிமிஷம், ரிஸ்க் 57 லட்சம்: வேகமா ஓட்டுறதோட கணக்கு



சாயங்காலம் ஆறரை மணிக்கு காளவாசல் சிக்னல்ல நின்னு பாருங்க. பச்சை விழறதுக்கு முன்னாடியே பின்னால ஹாரன். பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவுல வளைச்சு நெளிச்சு ஒரு பைக் பறக்கும். ஓட்டுறவர் முதுகுல ஆபீஸ் பேக். நம்மளை மாதிரி மாசச் சம்பளக்காரர்தான். இந்த ஓட்டத்துல வரவு எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு இன்னிக்குப் பார்ப்போம்.

வரவு

5 கிலோமீட்டர் தூரம். 40 கி.மீ. வேகத்துல போனா ஏழரை நிமிஷம், 60-ல போனா 5 நிமிஷம். மிச்சம் இரண்டரை நிமிஷம். அதுலயும் பாதியை அடுத்த சிக்னல் சாப்பிட்டுடும். ஆனா வேகம் ஒன்றரை மடங்கு ஆனா, மோதுற சக்தி இரண்டே கால் மடங்கு ஆகும்.

செலவு 1: அடுத்தவர் உயிர்

நம்ம வண்டி மோதி, கடை வச்சிருக்கிற 28 வயசுக்காரர் ஒருத்தர் இறந்துட்டார்னு வைங்க. மாச வருமானம் 30,000. அவரை நம்பி மனைவி, குழந்தை, அம்மா. உச்ச நீதிமன்றம் 2009, 2017 தீர்ப்புகள்ல சொன்ன முறைப்படி நஷ்ட ஈடு இப்படி வரும்:

- வருஷ வருமானம்: 3,60,000
- எதிர்கால வளர்ச்சிக்கு 40% சேர்த்தா: 5,04,000
- அவரோட சொந்தச் செலவுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சா: 3,36,000
- வயசுக்கான பெருக்கல் எண் 17: மொத்தம் 57,12,000 ரூபாய்

இறுதிச் சடங்குச் செலவு மாதிரியான மத்த தொகைகள் இதுக்கு மேல.

இன்சூரன்ஸ் நடப்புல இருந்தா கம்பெனி கட்டும். காலாவதி ஆகியிருந்தா மொத்தமும் ஓட்டுனவர், வண்டி ஓனர் தலையில. லைசென்ஸ் இல்லாம ஓட்டியிருந்தா, கம்பெனி முதல்ல கட்டிட்டு ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு கோர்ட் சொல்றது வழக்கம்.

கிரிமினல் கேஸ் தனி. அலட்சியத்தால உயிர் போனா, பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவுல 5 வருஷம் வரைக்கும் சிறை. ஜெயிலுக்கு எந்த பாலிசியும் கவர் தராது.

செலவு 2: உங்க உயிர்

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. 2014-ல கர்நாடகாவுல ஒருத்தர் காரை அதிவேகமா ஓட்டி, வண்டி கவிழ்ந்து இறந்தார். குடும்பம் 80 லட்சம் கேட்டது. தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் மறுத்தாங்க. 2025 ஜூலையில உச்ச நீதிமன்றமும் அந்த முடிவுல தலையிட மறுத்துடுச்சு. காரணம், விபத்துக்கு அவரோட ஓட்டுதலே காரணம். நம்ம தப்பால நமக்கே நடந்த விபத்துல நாமளே தேர்டு பார்ட்டி ஆக முடியாது.

அப்போ வீட்டுக்கு என்ன கிடைக்கும்? நீங்க ஏற்கனவே வாங்கி வச்சது மட்டும்தான். வண்டி ஓனருக்கான 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர், டெர்ம் இன்சூரன்ஸ், பி.எஃப். மாதிரி சேமிப்பு. குடிச்சிட்டு ஓட்டியிருந்தா அந்த 15 லட்சமும் சந்தேகம்தான்.

இன்னிக்கு ராத்திரி செய்யுங்க

1. பாலிசி முடியற தேதியைப் பாருங்க. புது பைக்குக்கு தேர்டு பார்ட்டி 5 வருஷம் இருந்தாலும், சொந்தச் சேதக் கவர் ஒரே வருஷத்துல முடிஞ்சிருக்கலாம்.
2. அதுல 'ஓனர் டிரைவர் பெர்சனல் ஆக்சிடென்ட்' வரி இருக்கா பாருங்க. இது வண்டி யார் பேர்ல இருக்கோ அவருக்குத்தான். அப்பா பேர்ல இருக்கிற பைக்கை நீங்க ஓட்டினா உங்களுக்குத் தனி விபத்து பாலிசி வேணும்.
3. குடும்பம் உங்க சம்பளத்தை நம்பி இருந்தா டெர்ம் இன்சூரன்ஸைத் தள்ளிப் போடாதீங்க.
4. காலையில 10 நிமிஷம் முன்னாடி கிளம்புங்க. இதுக்கு பிரீமியம் கிடையாது.

உங்க பாலிசியில அந்த 15 லட்சம் வரி இருக்கா இல்லையான்னு கமெண்ட்ல சொல்லுங்க. வேகமா ஓட்டுற நண்பருக்கு இதை அனுப்பி விடுங்க. அறிவுரைன்னா படிக்க மாட்டார், கணக்குன்னா ஒருவேளை படிப்பார்.