நிற்கத் தெரிந்தால் பிடிக்கலாம்

பொங்கலை ஒட்டி முடிச்சூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கம் எந்த மைதானத்தில் விளக்கு கட்டிக் கபடி நடந்தாலும் ஒலிபெருக்கிக்காரர் ரைடரின் பெயரைத்தான் முழங்குவார். எதிரே நிற்கும் ஏழு பேருக்குப் பெயரே கிடையாது. அவர்கள் பிடித்தால் "பிடிச்சாச்சு", விட்டால் "தப்பிச்சாச்சு", அவ்வளவுதான். அந்த ஏழு பேர் எங்கே நிற்கிறார்கள், ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று பார்க்காமலே பல வருஷம் கபடி ரசித்தவர்கள் நம்மில் அதிகம். இந்த ஆட்டத்தைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து முளைத்தவை.

"ஆட்டத்தை ஜெயிப்பது ரைடர்"

முழுப் பொய் என்று இதைத் தள்ள முடியாது. ஒரு ரைடில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தால் இரண்டு புள்ளி. ரைடரைப் பிடித்தால் வழக்கமாக ஒரே புள்ளி. கணக்குத் தாளைக் கூட்டிப் பார்த்தால் ரைடர் பக்கம்தான் கனமாக இருக்கும்.

தாளில் ஏறாத கணக்கு ஒன்று இருக்கிறது. பிடிபட்டவர் வெளியே போய் உட்கார வேண்டும். அவருடைய அணி யாரையாவது தொட்டோ பிடித்தோ புள்ளி எடுத்தால்தான், வெளியேறிய வரிசைப்படி ஒவ்வொருவராக உள்ளே வரலாம். போனஸ் புள்ளி எடுத்தால் யாரும் திரும்பி வர முடியாது. ஆகவே முதல் ரைடரைப் பிடிப்பது ஒரு புள்ளியோடு முடிகிற விஷயமில்லை. அவர் திரும்பி வரும்வரை எதிரணி அடுத்த நிலை ஆளை அனுப்பித்தான் ஓட்ட வேண்டும். அவரும் பிடிபட்டால் ஏழு பேரும் வெளியேறும் ஆல் அவுட் நெருங்குகிறது என்று அர்த்தம்.

2017-ல் புரோ கபடி லீக்குக்குள் வந்த தமிழ் தலைவாஸ், அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி என்று பெயர்பெற்ற ரைடர்களை வைத்திருந்த 2019-ல் பட்டியலின் கடைசியில் முடித்தது. 2022-ல் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தார்கள். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. முதல் ஆட்டத்திலேயே அடிபட்ட பவன் அந்த சீசன் முழுக்கத் திரும்பவில்லை. அந்த சீசனில்தான் தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதியைப் பார்த்தது! நரேந்தர் என்ற இளைஞர் ரைடில் நிறையப் புள்ளி குவித்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அணிக்கு முதுகெலும்பு வந்தது சாகர், சாஹில் என்று ஓரங்களில் நின்ற இரண்டு கார்னர் தடுப்பாளர்களால். பணம் போட்டு வாங்கிய ரைடர் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, அவர் விலையின் பக்கத்தில்கூட வராத தடுப்பாளர்கள் வேலையை முடித்தார்கள்.

இதைவிடக் கசப்பான சான்று 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. 1990-ல் பெய்ஜிங்கில் ஆண்கள் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து தங்கத்தை ஒரு முறைகூட விட்டுக்கொடுக்காத இந்தியா, அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. பர்தீப் நர்வால், அஜய் தாக்கூர் என்று புகழ்பெற்ற ரைடர்கள் நம் பக்கம். ஃபசல் அத்ராச்சலி போன்ற கார்னர்கள் அவர்கள் பக்கம். நாம் எடுத்தது வெறும் 18.

"பாய்ந்து பிடிப்பவனே நல்ல கேட்சர்"

நம் மைதானங்களில் அதிகம் கைதட்டு வாங்குவதும் அதிகம் புள்ளி இழப்பதும் இந்தப் பாய்ச்சல்தான். கொஞ்சம் அளவுகளைப் பார்த்தால் காரணம் புரியும்.

ஆண்கள் ஆடுகளத்தில் ஒரு பாதியின் ஆழம் ஆறரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். அதற்கு ஒரு மீட்டர் உள்ளே போனஸ் லைன், அதைத் தாண்டிக் கால் வைத்தால் போனஸ் புள்ளி. யாரையும் தொடாமல் திரும்ப நினைக்கும் ரைடர் பாக் லைனையாவது தாண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரே அவுட். அவருக்குக் கொடுத்த நேரம் 30 விநாடி. இத்தனை கட்டாயமும் அவர் தலையில் இருக்கிறது. தடுப்பவருக்கோ அவரைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. ரைடர் உள்ளே வைக்கும் ஒவ்வோர் அடியும் அவர் திரும்பி ஓட வேண்டிய ஓர் அடி.

ஏழு பேர் இருக்கும்போது வழக்கமான நிலை 2-3-2. இரண்டு ஓரத்திலும் கார்னரும் 'இன்' எனப்படும் ஆளும் ஜோடி. நடுவில் கவர், சென்டர், கவர். ரைடர் இடது கார்னரை நோக்கி நகர்ந்தால் இடது கார்னர் பின்வாங்க வேண்டும். அதே நேரத்தில் வலது பக்கத்தில் இருப்பவர்கள் வளைந்து முன்னேறி, அவருக்கும் நடுக்கோட்டுக்கும் இடையிலான வழியைச் சுருக்க வேண்டும். ஒருவர் பின்னால் போகிறார், நால்வர் முன்னால் வருகிறார்கள், எல்லாம் ஒரே மூச்சில். அந்த வளைவு சரியாக விழுந்துவிட்டால் பிடி பாதி முடிந்தது.

பாய்கிறவர் அந்த வளைவை உடைக்கிறார். ரைடர் இன்னும் பாக் லைன் பக்கத்திலேயே நிற்கும்போது முந்திக்கொண்டு எட்டிப் பிடிப்பதற்கு அட்வான்ஸ் டேக்கிள் என்று பெயர். பயிற்சியாளர்களுக்கு ரத்தக்கொதிப்பு வருவது இந்த இடத்தில்தான். நடுக்கோடு ரைடருக்கு எட்டிப் பாயும் தூரத்தில் இருக்கும். இழுத்துக்கொண்டே விழுந்தால் போதும், தொட்ட அத்தனை பேரும் அவுட். எலி தேங்காயைக் கடிக்கும் முன்னால் பொறி விழுந்துவிடக் கூடாது.

கார்னர் கணுக்காலைப் பிடிக்கிற நேரத்தை மெதுவாக ஓட்டும் வீடியோவில் கவனியுங்கள். ரைடர் போனஸுக்குக் காலை நீட்டுகிற கணத்திலோ, திரும்புவதற்காக உடம்பைச் சுழற்றுகிற கணத்திலோதான் கை இறங்கும். அப்போது அவருடைய எடை ஒரே காலில் இருக்கும், அந்தக் காலை எடுக்க முடியாது. அதற்கப்புறமும் கணுக்காலைப் பிடித்தவர் ஆளை நிறுத்தத்தான் முடியும். மார்பால் மறித்து முடிப்பது கவர். கவர் ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் அந்தக் கணுக்கால் பிடி எதிரணிக்கு ஒரு இலவசப் புள்ளி. பாராட்டு மட்டும் எப்போதும் கார்னருக்குப் போகிறது.

"கைகோத்து நின்றால் யாரும் உடைக்க முடியாது"

கை கோப்பது பலத்துக்கு என்பதைவிடச் சேர்ந்து நகர்வதற்கும், முன்னே போய்விட்ட கூட்டாளியைப் பின்னால் இழுப்பதற்கும். கோத்த கையை உரிய நேரத்தில் விடத் தெரியாதவர்களுக்காகவே பர்தீப் நர்வாலின் டுப்கி இருக்கிறது: குனிந்து சங்கிலிக்கு அடியில் புகுந்து நடுக்கோட்டுக்குப் போய்விடுவார்.

"ரக்பி என்பது பந்து வைத்த கபடி"

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கை சென்னை புல்ஸ் வென்றது. இறுதி ஆட்டத்தில் டெல்லி ரெட்ஸ் 41-0 என்று நொறுங்கியது. அணிக்கு ஏழு பேர் ஆடும் வகை ரக்பி அது. இங்கேயும் ஏழு, அங்கேயும் ஏழு, இங்கேயும் பிடி, அங்கேயும் பிடி. அப்புறம் என்ன, நம் பையன்கள் நாளைக்கே போய் ஆடலாமே என்று தோன்றும்.

இடத்தைப் பார்க்கும் பார்வையிலேயே இரண்டும் எதிரெதிர். ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். தாக்குகிற அணி மண்ணை மீட்டர் மீட்டராகப் பிடித்து எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்ற வேண்டும், அதுதான் ட்ரை. அங்கே எதிரி உள்ளே வரும் ஒவ்வோர் அடியும் தடுப்பவருக்கு நஷ்டம். அதனால் தடுப்பு வரிசை பின்வாங்காது. பந்து வெளியே வந்ததும் ஒரே கோடாக முன்னே பாய்ந்து, எதிரி யோசிக்கும் முன் இடத்தை விழுங்கும். பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் இந்த முறைக்குப் பெயர்பெற்ற ஷான் எட்வர்ட்ஸ் தடுப்புப் பயிற்சியாளராக இருந்த வேல்ஸ் அணி, 2008 சிக்ஸ் நேஷன்ஸ் தொடர் முழுவதிலும் இரண்டே ட்ரைதான் விட்டுக்கொடுத்தது. ஆள் குறைவாக இருந்தால் இன்னொரு வழி உண்டு: வரிசை முழுவதும் பக்கவாட்டில் சரிந்து, பந்து வைத்திருப்பவரை ஓரக்கோட்டை நோக்கி ஒதுக்குவது.

கபடித் தடுப்பு எதிரியை உள்ளே அழைக்கிறது, ரக்பித் தடுப்பு அவனை வாசலிலேயே மடக்குகிறது. பிடியும் அப்படியே. கபடியில் நடுவர் விசில் ஊதும்வரை விடக் கூடாது. ரக்பியில் ஆளைத் தரையில் சாய்த்த உடனே விட்டாக வேண்டும், பிடித்துக்கொண்டு கிடந்தால் பெனால்டி. கபடியில் ஊறிய கைக்கு இந்த விடுதல்தான் மிகக் கடினமான பாடமாக இருக்கும். தாழ்ந்த இடுப்பு, கால் வேகம், ஒருவரை ஒருவர் பார்க்காமலே சேர்ந்து நகர்வது ஆகியவை இரண்டுக்கும் பொது. குற்றமும் பொது: வரிசையைவிட்டு ஒருவர் மட்டும் முந்திப் போவது.

"காலி ரைடு வீண்"

புள்ளி எடுக்காமல் திரும்பும் ரைடரைப் பார்த்து நம் ஆட்கள் கூச்சல் போடுவார்கள். அதோடு, சூழ்ச்சி என்றால் யாரும் எதிர்பாராத புதிய ஒன்றைச் செய்வது என்றும் நம்பிக்கை. ஆனால் எதிராளியை ஒன்றை எதிர்பார்க்க வைக்காமல் ஏமாற்ற முடியாது. எதிர்பார்க்க வைப்பதற்கு ஒரே செயலை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ரக்பி உலகம் இதற்கு இன்றும் காட்டும் உதாரணம் 2015 உலகக் கோப்பையில் ஜப்பான். பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வீழ்த்திய ஆட்டம் அது. ஆட்டம் முழுக்க ததேகாவா என்ற நடுவரிசைக்காரர் பந்தை வாங்கி, எதிரணியின் 10-ஆம் எண் லாம்பி நிற்கும் பக்கம் நேராகப் போய் மோதிக்கொண்டே இருந்தார். பெரிய லாபம் ஒன்றும் இல்லை. கடைசிக் கட்டத்தில், ஓரக்கோட்டிலிருந்து பந்தை எறிந்து தொடங்கும் ஒரு லைன்-அவுட். அதே ஆள், அதே ஓட்டம். தென்னாப்பிரிக்கர்கள் வழக்கமான மோதலுக்குத் தயாரானார்கள். இந்த முறை ததேகாவா மோதவில்லை, பந்தை ஓனோவிடம் தள்ளினார். ஓனோவிடமிருந்து மாட்சுஷிமா, அவரிடமிருந்து கோரோமாரு. அவருக்கு முன்னால் ஆளே இல்லை, ட்ரை. முதலில் நடந்த அத்தனை மோதலும் இந்த ஒரு பந்துக்கான முன்பணம்.

கபடி ரைடர் செய்வதும் இதுதான். ஒரே கார்னர் பக்கம் கையை நீட்டி நீட்டித் திரும்புவார். கவரில் நிற்பவர் தன்னை அறியாமல் ஒவ்வொரு முறையும் அரை அடி அதிகமாக உள்ளே வருவார். அடுத்த முறை கை கார்னர் பக்கம், பின்னுதை கவர் மேல். இரண்டு காலி ரைடுக்கு அப்புறம் மூன்றாவது டூ-ஆர்-டை, புள்ளி எடுக்காவிட்டால் ரைடரே வெளியே. அதனால் விவரமான அணி இந்த மூன்றையும் ஒரே திட்டமாகப் போடும். முதல் இரண்டில் யார் எங்கே அசைகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, மூன்றாவதில் அதற்கேற்ற ஆளை அனுப்பும். தடுக்கும் அணிக்கும் இது தெரியும் என்பதுதான் வேடிக்கை. அவர்களும் முதல் இரண்டு ரைடில் வேண்டுமென்றே விலகி நின்று மூன்றாவதுக்குக் காத்திருப்பார்கள்.

"மூன்று பேர் மிஞ்சினால் முடிந்தது"

ஆறு அல்லது ஏழு பேர் இருக்கும்போதுதான் ரைடருக்குப் போனஸ் உண்டு. ஐந்தாகக் குறைந்தால் அந்தச் சுலபமான வழி அடைபடுகிறது. மூன்றோ அதற்குக் கீழோ ஆனால், பிடிக்கும் அணிக்கு சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. எஞ்சிய மூன்று பேரில் இரண்டு பேர் கார்னராக இருந்தால் ரைடர்தான் பயப்பட வேண்டும்.

"கண்ணகி நகர்ப் பிள்ளைகளுக்குக் கபடி ரத்தத்திலேயே இருக்கிறது"

பாராட்டு போலத் தெரிகிற இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதியில் ஈரானை 75-21 என்று வென்றது. அதன் துணைத் தலைவி துரைப்பாக்கம் கண்ணகி நகர் கார்த்திகா. சென்னை நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. செய்தி வந்ததும் வறுமை, வைராக்கியம், ஆவேசம் என்று எழுதித் தள்ளினார்கள். ஆவேசத்தால் 75 புள்ளி வராது. திரும்பத் திரும்ப ஆல் அவுட் செய்கிற அணிக்குத்தான் அப்படி ஒரு கணக்கு விழும். அதற்கு ஒவ்வொருவருக்கும் தன் இடம் தெரிய வேண்டும், பக்கத்தில் நிற்பவளின் அடுத்த அடி தெரிய வேண்டும். அது சிறுவயதிலிருந்து மாலை மாலையாகப் பழகி வருவது. ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மேட் கேட்க வேண்டாம், பயிற்சியாளருக்குச் சம்பளம் கேட்க வேண்டாம், உள்ளரங்கம் கேட்க வேண்டாம். அதற்குத்தான் அந்தப் பேச்சு உதவுகிறது.

நம் பக்கத்துப் போட்டிகளை நடத்துகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். பாக் லைனையும் போனஸ் லைனையும் குத்துமதிப்பாகக் காலால் இழுக்காமல், டேப் வைத்து அளந்து சுண்ணாம்பு போடுங்கள். சிறந்த ரைடருக்கு என்ன தொகை கொடுக்கிறீர்களோ, அதே தொகையைச் சிறந்த கேட்சருக்கும் கொடுங்கள்.