முதுமைப் புள்ளிகளும் வைட்டமின் ஈ-யும்

முதியவர் ஒருவரின் புறங்கையைக் கூர்ந்து பாருங்கள். பழுப்பு நிறப் புள்ளிகள் சில தெரியலாம். அதே கையில் அக்குளையொட்டிய உட்புறத்தில் அவை அநேகமாக இரா. இரண்டு இடத்துத் தோலுக்கும் வயது ஒன்றுதானே! பின் ஏன் இந்த வேறுபாடு?

காரணம் வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பல ஆண்டுகள் படுவதால், தோலிலுள்ள நிறமி உயிரணுக்கள் சில இடங்களில் மெலனின் என்னும் நிறமியை மிகுதியாக உண்டாக்குகின்றன. அவ்விடங்களே புள்ளிகளாகத் தோன்றுகின்றன.

இவற்றைப் போக்க வைட்டமின் ஈ எண்ணெய் தடவுவோர் உண்டு. 1922-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் ஈவன்ஸ், கேதரின் பிஷப் ஆகிய இருவரும் எலிகளை ஆராய்ந்து கண்டறிந்த சத்து இது. உயிரணுக்களின் சவ்விலுள்ள கொழுப்பு, ஆக்ஸிஜனேற்றத்தால் சிதையாமல் இது காக்கிறது. ஆனால் சிதையாமல் காப்பது வேறு. படிந்துவிட்ட நிறமியை நீக்குவது வேறு. இவ்வெண்ணெயை மட்டும் தடவினால் புள்ளி மறையும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாவதும் உண்டு.

வெயிலில் குடை பிடிப்பதும் முழுக்கைச் சட்டை அணிவதும் எளிய தடுப்பு முறைகள். ஒரு புள்ளியின் நிறமோ வடிவமோ மாறினால், அல்லது அதில் இரத்தம் கசிந்தால், உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். அது தோல் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். எண்ணெய் தடவிக் காத்திருப்பது ஆபத்து.